நாலு நட்டு

ஆகஸ்டு மாதத்தில் தோலாபம்பா ஊர்க் காற்றுக்கு நேரம் காலம் உண்டு. விடிந்து வெயில் ஏறும்வரை ஒரு புல் அசையாது. பத்து மணிக்கு மேல் மேற்கே உப்புவெளிப் பக்கமிருந்து கிளம்பினால் பொழுது சாய்கிறவரைக்கும் ஓயாது. கண்ணில், கஞ்சியில், காதுமடலில் என்று மண்ணை வாரிப் போட்டுவிட்டுத்தான் அடங்கும். அங்கே வேலை வெட்டி எதுவானாலும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சபீனாவின் வேன் ஆற்றுக்குள் உட்கார்ந்தபோது திங்கட்கிழமை பத்தரை மணி.

ஆறு என்பது பேருக்குத்தான். வருசத்தில் ஒன்பது மாதம் கல்லும் மணலும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வழியிலுள்ள கிடைகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவாள். சந்தையூரில் ஒரு ராத்தங்கல். மறுநாள் அவரவரை அவரவர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவாள். கடைசி ஆளை இறக்கிவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாகவே பின்பக்கம் இடது சக்கரத்தில் முனகல் இருந்தது. முனகாத வண்டி எங்கே இருக்கிறது என்று விட்டிருந்தாள். ஆற்றின் நடுவில் பட்டென்று ஒரு சத்தம். பாரம் ஒத்துவராத லாமா பின்னங்காலை மடக்கிப் படுக்குமே, அப்படிப் படுத்தது வேன். சன்னல் வழியாகப் பார்த்தால் அவளுடைய சக்கரமே அவளை முந்திக்கொண்டு கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு நடை அரை மணி. நாற்பத்திரண்டு வீடு இருந்த ஊர். பூட்டு தொங்காத கதவு இப்போது இரண்டுதான். ஒன்று சபீனாவுடையது. மற்றொன்று அவள் கொழுந்தன் நிக்காசியோவும் அவன் பெண்டாட்டி பெனித்தாவும் இருக்கிற வீடு. சபீனாவின் புருசன் செனோபியோ சிலி நாட்டுப் பக்கம் சுரங்க வேலைக்கென்று போய் ஒன்பது வருசம். அங்கே அவனுக்கு வேறு குடும்பம், வேறு பிள்ளைகள். அண்ணன் போனாலும் தம்பி போகவில்லை. அதனால் அவளுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு சுவர் மிச்சமிருந்தது.

நிக்காசியோ வந்து வேனைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினான். கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினான்.

"சக்கரம் எங்க மதினி?"

"அந்தா, கரையேறிப் படுத்திருக்கு. ஒங்க அண்ணன் ஓடுன மாதிரி சொல்லாமக் கொள்ளாம ஓடிருச்சு."

"சக்கரமாவது நாப்பதடில நின்னுச்சே."

சபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருசத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அது ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்த வேன். வலது பக்கமிருந்த ஸ்டியரிங்கை யாரோ இடது பக்கம் மாற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் கிடந்த ஓட்டையைத் துணி வைத்து அடைத்திருந்தாள். இழுவைக் கதவு தப்பான பக்கம் திறக்கும். கதவில் ஒரு முயல் படமும் அதன் கீழே ஜப்பான் எழுத்தும். பள்ளிக்கூடப் பேர் என்பாள் சபீனா. சாபம் என்பான் நிக்காசியோ.

செவ்வாய்க்கிழமை விடியக் கருக்கலில் வேலையைத் தொடங்கினார்கள். ஜாக்கியை மணல் விழுங்கியது. வீட்டுக் கதவொன்றைக் கழற்றிக் கொண்டுவந்து அடியில் போட்டு, கல்லடுக்கி, வேனைத் தூக்கி நிறுத்தினார்கள். காற்று கிளம்பும் முன்னால் கம்பளிகளைத் தைத்து ஒரு மறைப்பும் கட்டினார்கள். உடைசலை வெளியே எடுத்தபோது கதை தெரிந்துவிட்டது. பேரிங்கு பொரிமாவாகிக் கிடந்தது. ஆக்சில் ராடு, பேரிங்கு உட்காரும் கழுத்தில் முறிந்திருந்தது. பேரிங்கை மூடுகிற தகட்டைப் பிடிக்கிற நாலு போல்ட்டும் கல்லில் அடிபட்டு, ஒன்று அறுந்து, மூன்று புழுப்போல வளைந்திருந்தன.

"ஒட்ட வைக்க முடியாதா?"

"இது என்ன மதினி, சட்டிப் பானையா? வெல்டு வச்சாலும் முதல் மேட்டுலயே பிரிஞ்சிரும். வேற ராடுதான் வேணும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வடக்கே பார்த்தார்கள். அங்கே மூன்று மணி நேர நடைதூரத்தில் ஒரு பள்ளத்தில் இதே மாதிரி வேன் ஒன்று பத்து வருசமாக விழுந்து கிடந்தது. அதை ஓட்டிவந்து கை முறிந்ததோடு தப்பியவன், தொப்பியை எடுக்கக்கூட அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. எஞ்சின், இருக்கை, கண்ணாடியெல்லாம் போன திசை தெரியாது. பின் ஆக்சில் மட்டும், கழற்றுவதற்கு முதுகு வேண்டும் என்பதால், அப்படியே இருந்தது.

மத்தியானம் பெனித்தா துணி மூட்டையில் சோறு கொண்டுவந்தாள். சோறு என்றால் பனியில் உலர்த்தி அவித்த சூன்யோக் கிழங்கு, வாட்டிய லாமா உப்புக்கண்டம், அரைத்த மிளகாய். மூன்று பேரும் கம்பளி மறைப்புக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரே துணியிலிருந்து எடுத்துத் தின்றார்கள்.

"யக்கா, ஒங்க மூக்குல கிரீசு."

"இருக்கட்டும்டி. குளிருக்கு நல்லது."

"எங்க ஆளு மூஞ்சியப் பாருங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட இம்புட்டு மினுமினுப்பு இல்ல."

"கல்யாணத்தன்னிக்குப் பயத்துல வேர்த்துச்சு," என்றான் நிக்காசியோ.

"எதுக்குப் பயம்?"

"பொண்ணு ஒல்லியா இருக்குமோன்னு பயம். அப்புறம் பாத்தா, வேற பயம்."

பெனித்தா ஒரு கிழங்கை எடுத்து அவன்மேல் எறிந்தாள். சபீனா கிழங்கைப் பொறுக்கித் துடைத்துத் தின்றாள். வேன் உடைந்துபோனதில் அவளுக்கு வருத்தம் வரவேண்டும், வந்தபாடில்லை. போன பனிக்காலத்தில் பதினோரு நாள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறாள். பக்கத்து வீடுதான், ஆனாலும் அவரவர் கிடை அவரவருக்கு. இப்போது இரண்டு நாளில் ஒரு வருசத்துப் பேச்சைப் பேசியாகிவிட்டது.

புதன்கிழமை விடியும் முன் சபீனாவும் நிக்காசியோவும் ஒரு ஆண் லாமாவைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குக் கிளம்பினார்கள். நிக்காசியோவின் வலது முழங்கால் நான்கைந்து வருசமாகவே சரியில்லை. ஏற்றத்தில் அவன் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடப்பான். அதைப் பார்க்காத மாதிரி லாமாவைத் தட்டிக்கொண்டே அவள் மெதுவாக நடந்தாள்.

வேன் வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. வலது சக்கரம் மண்ணுக்குள். இடது சக்கரம் வானத்தைப் பார்த்து. நிக்காசியோ நாலு கோக்கா இலையை மண்ணில் புதைத்து, சீசாவிலிருந்து சாராயத்தை மூன்று சொட்டுத் தெளித்தான்.

"பூமித்தாயே, இது உன் வயித்துல கிடந்த பொருளு. ஒரு காலை மட்டும் எடுத்துக்கிடுறோம். மிச்சத்த நீயே வச்சுக்கோ."

பிரேக் டிரம் துருவோடு ஒட்டிப் போயிருந்தது. டீசலை ஊற்றி, காத்திருந்து, சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டினார்கள். கல்லில் எதிரொலி கேட்டு லாமா காதை விறைத்துக்கொண்டது. டிரம் வந்தது. தகட்டின் நாலு நட்டும் ஆக்சிலின் கொழுப்பில் ஊறிக் கிடந்ததால் துருவேறாமல், நகை மாதிரி இருந்தன. சபீனா ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, போல்ட்டோடு சேர்த்துத் தன் கைத்துணியில் முடிந்துகொண்டாள். ராடு மட்டும் வர மறுத்தது. நிக்காசியோ டிரம்மைத் தலைகீழாகத் திருப்பித் தொளதொளவென்று மாட்டி, அதையே சம்மட்டியாக வைத்து வெளிப்பக்கம் இழுத்து இழுத்து அடித்தான். பதினெட்டாவது அடியில் உருவிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள்.

பேரிங்கு சுழன்றது, சத்தமில்லாமல். முறிந்த ராடின் இரண்டு துண்டையும் அளந்து முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டிப் பார்த்தார்கள். அச்சாக அதே நீளம். நிக்காசியோ ராடின் நுனிப் பற்களை எண்ணினான்.

"இருவத்தொம்பது."

"நம்மளது முப்பதுன்னியே!"

"இருங்க, இருங்க." மறுபடி எண்ணினான். "முப்பது. ஒண்ணு விரலுக்கடியில ஒளிஞ்சிருந்துச்சு."

"உசுரே போயிருச்சு தம்பி."

ஆக்சில் கூட்டுக்குள் மிச்சமிருந்த ஆயிலையும் ஒரு டப்பாவில் வடித்துக்கொண்டார்கள். தேன் மாதிரி மெதுவாக விழுந்தது. அது விழுந்துகொண்டிருந்தபோது, ஆயிலைப் பார்த்துக்கொண்டே நிக்காசியோ சொன்னான்.

"மதினி, ஒரு வாரமா சொல்லணும்னு இருக்கேன். நாக்கு வரமாட்டேங்குது."

"என்ன?"

"ஒருரோ டவுன்ல எங்க மகன் ஒரு வேல பாத்து வச்சிருக்கான். பஸ்ஸு நிக்கிற கொட்டடில காவலு. ஒக்காந்து பாக்கிற வேல. ஒரு ரூமும் குடுக்காங்களாம். வெள்ளிக்கிழம காலைல போய் நிக்கணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"பெனித்தா?"

"அவளும்தான். ரெண்டு வருசம் பனில கீன்வா வெள்ளாமை கருகிருச்சு. கிணத்துத் தண்ணி உப்பாயிட்டு வருது. இந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு லாமாவுக்குப் பின்னால திரிய? லாமாவ உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம்." கோக்கா இலையைக் கன்னம் மாற்றிக்கொண்டு, "வேன் ஓடுனாத்தான் நாங்க போக முடியும். அதான் இம்புட்டு அவசரமும்," என்றான்.

"நல்லதுதான தம்பி," என்றாள் சபீனா. "ஒக்காந்து பாக்கிற வேல யாருக்குக் கிடைக்கும்."

டப்பா நிறைந்து வழிந்தது. அவள்தான் கவனித்து எடுத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் காற்று பக்கவாட்டில் காதை அடைத்தது. அதனால் பேச வேண்டியிருக்கவில்லை. லாமாவின் முதுகில் சாக்கில் சுற்றிய ராடு ஆடியது. சபீனா ஒரு கையைக் கைத்துணி முடிச்சின் மேல் வைத்தபடியே நடந்தாள். நாளைக் காலையில் இது அங்கே மாட்டப்படும். மத்தியானம் அவர்கள் ஏறி உட்காருவார்கள். பிறகு அந்த ஊரில் புகை கிளம்புகிற அடுப்பு ஒன்றே ஒன்று. மூன்று நாளாகத் தன் கையாலேயே ஒவ்வொரு திருகாகத் திருகி அவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டு வேறு.

பொழுது சாய்ந்து வீடு சேர்ந்தாள். முடிச்சை அவிழ்த்து நாலு போல்ட்டையும் நாலு நட்டையும் பார்த்தாள். சமையலறைக்குப் போய்க் கீன்வா மாவு டின்னைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு அவற்றை அடியில் புதைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். திருட்டாகக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. குளிருக்குக் கதவைச் சாத்துகிற மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெனித்தா வந்தாள். வழிக்கு ரொட்டி சுட வேண்டும், மாவு இரண்டு கை குறைகிறது என்றாள். சபீனா கிடை அடைக்கப் போகிற அவசரத்தில், "உள்ள இருக்கு, எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் திரும்பி ஓடிவந்தபோது பெனித்தா மடியில் மாவோடு வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"வாறேன்க்கா."

"சரிடி."

சபீனா டின்னுக்குள் கைவிட்டுத் தடவினாள். எட்டும் அடியில் அப்படியே கிடந்தன.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆற்றுக்குள் நிக்காசியோ ராடை ஆக்சில் கூட்டுக்குள் செருகினான். பற்கள் உள்ளே போய்க் கவ்வுகிற சத்தம் களுக்கென்று கேட்டது. தகட்டின் துளைகள் கூட்டின் துளைகளோடு நேருக்கு நேர் நின்றன. அவன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"போல்ட்டக் குடுங்க மதினி."

"தம்பி, காணோம்."

"என்னது?"

"கைத்துணில முடிஞ்சிருந்தேன். வழில அவுந்து விழுந்திருக்கும்போல. ராத்திரிதான் பாத்தேன்."

நிக்காசியோ நீட்டிய கையை மடக்கவில்லை. பெனித்தா ஒரு கல்லில் உட்கார்ந்து ரொட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

"வீட்டுல வேற போல்ட்டு?"

"அந்தப் பொடி மரைக்கு எங்க போக?" என்றாள் சபீனா.

அவன் எழுந்தான். கையை மணலில் தேய்த்துத் துடைத்தான். கோபப்படுவான் என்று சபீனா எதிர்பார்த்தாள். அவன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தான்.

"அந்த வண்டில வலது பக்கத்து நாலு இருக்கும். தோண்டி எடுத்துட்டு வாறேன்."

"வலது பக்கம் மண்ணுக்குள்ள கிடக்கு தம்பி. ஒரு பகல் ஆகும் தோண்ட. வெள்ளிக்கிழம போயிரும்."

"சனிக்கிழம போய்க் கால்ல விழுந்து கேட்டுப் பாப்பேன்."

அவன் கிளம்பிவிட்டான். கரையேறும்போது வலது காலை ஊன்ற முடியாமல் மண்வெட்டியைக் கம்பாக ஊன்றினான். வடக்கே பாதை நேர்க்கோடாகப் போகும். ஒரு ஆள் நடந்தால் ஒரு மணி நேரம் கண்ணில் தெரிவான். பக்கவாட்டில், நண்டு நடை. பத்தடி நடப்பான், நின்று முழங்காலை ஒரு கையால் பிடிப்பான், மறுபடி நடப்பான். இன்னும் காற்றுக் கிளம்பவில்லை. கிளம்பினால் பக்கவாட்டில் ஆளைத் தள்ளும்.

இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனித்தா மூட்டை முடிச்சை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடியும் அவிழ்த்தாள்.

அவன் ஒரு விரல் உயரத்துக்குச் சின்னவனாகிவிட்டான். அப்போது அவன் விழுந்தான். எழுந்தான். மண்வெட்டியைத் தேடி எடுத்து, மேலே நடந்தான்.

"பாவி, திரும்பியாவது பாக்கானா," என்று சொல்லிக்கொண்டே சபீனா ஊரைப் பார்த்து ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று பாவாடை தடுக்க, நாலாயிரம் மீட்டர் உயரத்து மூச்சோடு ஓடினாள். டின்னைக் கவிழ்த்து மாவைத் தரையில் கொட்டி எட்டையும் பொறுக்கிக்கொண்டு, பாதைக்குக் குறுக்கே ஓடி, அவனை மறித்து நின்றாள். கையை விரித்துக் காட்டினாள்.

"எங்க கிடந்துச்சு?"

"சாக்கு மடிப்புல."

நிக்காசியோ ஒரு நட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மரையின் பள்ளமெல்லாம் வெள்ளை.

"என்ன மதினி, வெள்ளையா இருக்கு?"

"உப்பா இருக்கும்."

அவன் நட்டை வாயருகே கொண்டுபோய் ஊதினான். மாவு பறந்தது.

"ஆமா," என்றான். "உப்புதான்."

ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. ஆயில் சீல் பழசு என்பதால் லாமாக் கொழுப்பில் ஊறிய தோல் வளையம் ஒன்றைக் கூடச் சேர்த்து வைத்தான். பள்ளத்து ஆயிலைப் பழைய சட்டைத் துணியில் வடிகட்டி ஊற்றினான். ஓடிப்போன சக்கரம் தன் இடத்துக்கு வந்தது. சபீனா வண்டியைக் கிளப்பி ஆற்றைத் தாண்டிக் கரையேறினாள். முனகல் இல்லை.

ஒரு வீட்டுச் சாமான் முழுக்க வேனில் ஏறியும் பாதி இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு கட்டில் கம்பளி, நாலு பானை, தையல் மிசின், மூன்று மூட்டைக் கிழங்கு. பெனித்தா வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சபீனாவிடம் கொடுத்தாள். வழியில் நிக்காசியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தான். எந்த மேட்டில் எந்தக் கியர், எங்கே மணல் இளகல் என்று. பத்து வருசமாக அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவளிடம் சொன்னான். அவளும் உம் கொட்டினாள்.

நாலு மணி நேரத்தில் பெரிய ரோட்டு ஊர். பஸ் நின்றுகொண்டிருந்தது. நிக்காசியோ சாமானைக் கூரைக்கு ஏற்றுகிறவனோடு மல்லுக்கட்டப் போனான். பெனித்தா சபீனாவின் கையைப் பிடித்து, வேனுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"யக்கா, நேத்து மாவு எடுக்கயில கையில தட்டுப்பட்டுச்சு."

சபீனா தரையைப் பார்த்தாள். "பாத்தியா? பின்ன ஏன்டி அவன்கிட்டச் சொல்லல?"

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்." பெனித்தாவின் உதடு கோணியது. "குடுக்கலேன்னா அங்கனயே இருந்திரலாம்னு நெனச்சேன். ராத்திரி பூரா கும்பிட்டேன்க்கா, குடுத்துறக் கூடாதுன்னு."

"எனக்கு என்னடி தெரியும்? நீயும்..."

"அவரு விழுந்தாருல்ல. அப்பயும் நான் எந்திரிக்கல. நீங்கதான் ஓடுனீங்க."

பஸ்காரன் ஆரனை அடித்தான். பெனித்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் ஏறினாள். நிக்காசியோ படியில் நின்றபடி கத்தினான். "மதினி, பாதி வழில நிறுத்தி டிரம்முல கை வச்சுப் பாருங்க. சூடு இருந்தா ஓட்டாதீங்க. ஊருக்குப் போனதும் போன் பண்ணுங்க!"

ஆள் ஏறாத வேனை ஓட்டிக்கொண்டு அவள் திரும்பினாள். பாதி வழியில் நிறுத்தி, இறங்கி, இடது பின்சக்கரத்தில் கையை வைத்தாள். கல் மாதிரி சில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள். அங்கேயே உட்கார்ந்து ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தோலாபம்பாவில் சிக்னல் கிடைப்பது ஊருக்குப் பின்னாலிருக்கிற குன்றின் உச்சியில் மட்டும். மறுநாள் பதினோரு மணிக்கு அவள் ஏறிப்போனாள். மூன்றாவது ரிங்கில் நிக்காசியோ எடுத்தான். அவனைச் சுற்றி ஒரே பஸ் இரைச்சல்.

"சூடு?"

"இல்ல தம்பி. ஐஸு மாதிரி இருந்துச்சு."

"நல்லாப் பொருந்திக்கிருச்சு மதினி. இனி பத்து வருசத்துக்கு அத நீங்க தொட வேண்டாம்."

"ம். ரூமு எப்படி?"

"ரூமு ரூமாத்தான் இருக்கு. இவ பேசணுங்கா."

போன் கை மாறியது.

"யக்கா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு." பிறகு, "அங்க காத்துக் கிளம்பியிருச்சா?" என்றாள்.

"கிளம்பியிருச்சு."

"இங்க காத்தே இல்லக்கா. செவுரா இருக்கு. கொஞ்சம் போனத் தூக்கிப் பிடிங்களேன்."

சபீனா போனைக் காதிலிருந்து எடுத்தாள். மேற்கே திரும்பி, கையை எட்டுகிறவரைக்கும் உயர்த்திப் பிடித்தாள். காற்று பாவாடையைக் காலோடு சேர்த்து அடித்தது. கீழே பூட்டிய வீடுகளுக்கிடையில் அவளுடைய ஒரு புகை கிழக்காகப் படுத்துப் போய்க்கொண்டிருந்தது. கை கடுத்தது. மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பெனித்தா போதும் என்று சொல்லியிருந்தாலும் அந்தக் காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது.